நிரப்பப்பட்ட இடம்

முள்ளியேந்தல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் பாண்டிமீனா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். சண்டை போடும் எண்ணம் அவளுக்கு இல்லை. அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவை வாசல் மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகத்தான் உள்ளே நுழைந்தாள்.

அவள் தங்கை முத்தழகு பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாவதிலிருந்து அந்தப் பிள்ளைகள் கணக்கு ஆசிரியர் என்று ஒருவரின் முகத்தைப் பார்த்ததில்லை. கணக்குப் பீரியடில் தமிழாசிரியர் வந்து உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொல்வார். பிள்ளைகள் கேள்வியை எழுதினார்கள், விடையையும் எழுதினார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, பாவம் அந்தத் தமிழாசிரியருக்கும் தெரியாது. முத்தழகுக்கு நர்ஸ் படிப்பு படிக்க ஆசை. போன வாரம் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "நானும் உன்ன மாதிரி நின்னுக்கிறேன்க்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் பாண்டிமீனாவை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது.

தரவுப் பிரிவில் அருளப்பன் என்ற அலுவலர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் திரையில் ஊரின் பெயரைத் தட்டினார்.

"அங்க காலியிடம் இல்லையேம்மா. இந்த ஜூன்லயே ஆள் போட்டாச்சு."

"நாங்க யாரும் பாக்கலையே சார். யாரு அது?"

"பட்டதாரி ஆசிரியர், கணிதம். உங்க ஊர்க்காரங்கதான். மு. பாண்டிமீனா, எம்.எஸ்சி., பி.எட்."

அவள் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

"எங்க ஊர்ல பாண்டிமீனான்னு நான் ஒருத்திதான் சார் இருக்கேன். எங்கப்பா பேரு முனியாண்டி."

அருளப்பனின் விரல்கள் நின்றன. கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு படம் இருந்தது. பாண்டிமீனாவின் அதே நெற்றி, அதே பல்வரிசை. ஆனால் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. வெயில் படாத முகம். மூக்குக் கண்ணாடி. நறுவிசாகக் கட்டிய பருத்திச் சேலை. ஒன்பதாம் வகுப்பில் எடுத்த படத்தை வைத்து, அவள் படித்திருந்தால் இந்த வயதில் எப்படி இருப்பாள் என்று கணக்குப் போட்டு இயந்திரம் வரைந்த முகம் அது. அப்போது அது அவளுக்குத் தெரியாது. ஊரில் யாரோ தன் பெயரைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

"யார் சார் இவ?"

அருளப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். "வாங்கம்மா, ஒரு டீ குடிச்சுட்டு வருவோம்" என்று எழுந்தார்.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நிறைவுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"செய்தியில சொல்வாங்க. கம்ப்யூட்டர் திட்டம்."

"நீங்க ஒண்ணாப்பு சேர்ந்த காலத்துல வந்தது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பள்ளிக்கூடமும் புள்ளிவிவரம் அனுப்பணும். எத்தனை பிள்ளைங்க, எத்தனை வாத்தியார், எத்தனை பேரு காலேஜ் போனாங்க, எல்லாம். பாதிப் பேரு அனுப்ப மாட்டாங்க. அங்கங்க காலியா கிடக்கும். காலியா கிடந்தா மொத்தக் கணக்கு வராது. அதனால நிறைவைக் கொண்டுவந்தாங்க. சுத்தியிருக்கிற தகவலை வச்சு, விட்டுப்போன எடத்துல என்ன இருந்திருக்கும்னு அதுவே நிரப்பிடும். நல்ல காரியந்தான். மழையில ரெண்டு நாள் வருகைப்பதிவு விட்டுப்போச்சுன்னா நிரப்புறதுல என்ன தப்பு?"

"அப்புறம்?"

"அப்புறம் மேல இருக்கிற யாருக்கோ ஒரு யோசனை. வாத்தியார் இல்லைங்கிறதும் விட்டுப்போன தகவல்தானே, அதையும் நிரப்பினா என்னன்னு."

பாண்டிமீனாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஆளு இல்லைன்னு எழுதவேண்டியதுதானே சார்?"

"எழுதறதுக்கு அந்தத் திரையில எடமே கிடையாதும்மா. பேரு போடணும். இல்லேன்னா விட்டுடணும். விட்டா அது நிரப்பிக்கும்."

மிச்சத்தை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாண்டிமீனா படித்த காலத்திலும் முள்ளியேந்தலில் கணக்கு ஆசிரியர் இல்லை. நிறைவு ஒருவரைப் போட்டுக்கொண்டது. நல்ல ஆசிரியர் இருந்தால், எட்டாவதுவரை நன்றாகப் படித்த ஒரு பெண் என்ன மதிப்பெண் வாங்குவாளோ அதைக் கொடுத்தது. பத்தாவதில் அவள் பாதியில் நின்றாள். இடைநிற்றலே இல்லாத மாநிலம் என்று அரசு அறிவித்த வருடம் அது. தலைமையாசிரியருக்கு அவள் பெயரை எடுக்கும் தைரியம் இல்லை. அதனால் அவள் தொடர்ந்து படித்தாள். பன்னிரண்டாவது முடித்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் கணிதம் படித்தாள். விடுதியில் தங்கினாள். முதல் வகுப்பில் தேறினாள். பிறகு பி.எட். முடித்ததும், பதிவில் இருந்த முந்தைய ஆளுக்கு மாறுதல் வந்து, சொந்த ஊரிலேயே காலியிடம். உள்ளூர்ப் பட்டதாரி. இதைவிடப் பொருத்தமான ஆள் நிறைவுக்கு எங்கே கிடைப்பார்?

"நான் அரையாண்டுல கணக்குல ஏழு மார்க் சார்" என்றாள் பாண்டிமீனா. "மத்ததெல்லாம் அறுபது எழுவது. பேப்பரை வாங்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட காட்டல. மறுநாள் மொளகாத் தோட்டத்துக்குப் போயிட்டேன். எனக்கு மூளை இல்லைன்னுதான் இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அருளப்பன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அவளுக்குச் சம்பளம்?" என்று கேட்டாள்.

"குடுத்ததா ஒரு மதிப்பீடு. நீங்க வாங்கிச் செலவழிச்சதா இன்னொரு மதிப்பீடு. கல்விக்கு அதிகமாச் செலவழிக்கிற மாநிலம்னு போன மாசம் டெல்லியில விருது வாங்கினாங்கல்ல, அதுல இதெல்லாம் சேத்திதான்."

பாண்டிமீனா எழுந்துவிட்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவளத் தூக்குங்க சார்."

"யாரை?"

"அந்தக் கண்ணாடிக்காரியை. அவ போனாத்தான எங்க ஊருக்கு நெச ஆளு வரும்?"

"நிரம்பின இடம் காலியாகணும்னா நாலே வழிதாம்மா. மாறுதல், ஓய்வு, இறப்பு, பணிநீக்கம். நானா அழிச்சா, ரெண்டு நிமிசத்துல திரும்ப எழுதிக்கும்."

"பணிநீக்கம்னா?"

"யாராவது புகார் குடுக்கணும். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லைன்னு." அவர் தயங்கினார். "ஆனா குடுத்தீங்கன்னா நடவடிக்கை உங்க மேலதான் வரும். அவளுக்குக் கைரேகை கிடையாது. உங்களுக்கு இருக்கு."

"வரட்டும் சார்" என்றாள்.

அன்றைக்கே புகார் கொடுத்தாள். முள்ளியேந்தல் பள்ளிக் கணித ஆசிரியை மு. பாண்டிமீனா ஒரு நாள்கூடப் பணிக்கு வரவில்லை. புகார் கொடுப்பவர் பெயர்: மு. பாண்டிமீனா. அந்த இயந்திரத்துக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. அடுத்த வாரமே அவள் கைப்பேசிக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. ஏன் உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். விசாரணைக்குத் தேதியும் போட்டிருந்தார்கள்.

விசாரணை கூட்ட அரங்கில் நடந்தது. இணை இயக்குநர் நிவேதிதா சென்னையிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க, மாநிலக் கணக்கைக் காட்டும் ஒரு பலகை ஒளிர்ந்தது. உயர்கல்வியில் சேர்வோர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இடைநிற்றல் பூஜ்யம். ஆசிரியர் காலியிடம் பூஜ்யம். அருளப்பன் ஓரத்தில் பதிவாளராக உட்கார்ந்திருந்தார்.

"வேலைக்கே போகாம இருந்திருக்கீங்க" என்றார் நிவேதிதா. குரலில் கடுமை இல்லை. "எவ்வளவு கஷ்டப்பட்டு உங்களையெல்லாம் படிக்க வச்சிருக்கு அரசாங்கம். கிராமத்துப் பிள்ளைங்க வாழ்க்கையில விளையாடலாமா?"

"மேடம், நான் டீச்சரே இல்ல. ஆட்டோ ஓட்டுறேன். பத்தாவதுகூட முடிக்கல."

நிவேதிதா அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைவிலிருந்தே அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது அவருக்குப் புதிய செய்தி அல்ல என்பது பாண்டிமீனாவுக்கும் விளங்கிவிட்டது. கோபம் அவளுக்கு அங்கேதான் உச்சிக்கு ஏறியது. தெரியாமல் செய்கிறார்கள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள்.

நிவேதிதா பேனாவை மூடி வைத்தார். "இங்க பாரும்மா. நீங்க படிக்கலைன்னு நான் எழுதினா உங்க பட்டம் செல்லாது. உங்க பட்டம் செல்லாதுன்னா உங்ககூடப் படிச்சதா இருக்கிறவங்க பட்டமெல்லாம் என்ன ஆகும்? அந்தக் காலேஜ் என்ன ஆகும்? ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா துணியே பிரிஞ்சிரும். அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"ஒரு வழி இருக்கு. நாளைக்கே போய் வேலையில சேந்துடுங்க. நடவடிக்கையைக் கைவிட்டுடறேன். நிஜமான வேலை, நிஜமான சம்பளம். பதிவுல நீங்கதானே இருக்கீங்க? யாரு கேக்கப்போறா?"

அரசாங்க வேலை. பாண்டிமீனாவின் அப்பா முதுகு வலியோடு இன்னமும் விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறார். வீட்டுக்கூரை ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் மாறும். அவள் ஒன்றும் யோசிக்காமல் மறுத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். நன்றாகவே யோசித்தாள். கரும்பலகைக்கு முன்னால் தான் நிற்பதையும், எதிரே முதல் பெஞ்சில் முத்தழகு உட்கார்ந்து இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கணக்குத் தெரியாது மேடம்."

"தெரியும்னு பதிவுல இருக்கே."

"பதிவுல இருக்கிறவளுக்குத் தெரியும். அவளை அனுப்பி வைங்க, நான் ஆட்டோவுல கொண்டுபோய் இறக்கி விடுறேன்."

நிவேதிதாவின் முகம் சிவந்தது. "அப்ப வேற வழியில்ல. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா, மறுக்கிறீங்களா?"

அருளப்பன் எழுந்து குனிந்து, தண்ணீர் டம்ளரை நகர்த்துவதுபோல அவள் காதருகே சொன்னார். "ஒத்துக்காதீங்கம்மா. பணிநீக்கம்னா அஞ்சு வருசத்துக்கு எந்த அரசு உரிமமும் கிடையாது. ஆட்டோ பர்மிட்டும் போயிடும்."

பாண்டிமீனா எழுந்து நின்றாள்.

"ஒத்துக்கிறேன். நான் ஒரு நாள்கூடப் போகல. பிள்ளைங்க மூணு வருசமா உக்காந்திருந்துச்சு, யாரும் வரல. எட்டாவதுலயும் ஒம்பதுலயும் எனக்கு முன்னாடி எழுதியிருந்த ஆளு வரல, இப்ப நான் வரல. நான் படிக்கிறப்பவும் எங்களுக்கு ஒருத்தி வரல, அவளும் என்னைய மாதிரி எங்கயோ ஆட்டோ ஓட்டிக்கிட்டிருந்திருப்பா. எல்லாத்தையும் எழுதிக்கோங்க. எழுதிட்டு என்னைய வேலையவிட்டு நீக்குங்க. எனக்கு அந்த எடம் காலியா வேணும்."

ஆணை அப்போதே பிறந்தது. அவள் கட்டைவிரலை வைத்த மாத்திரத்தில் சுவர்ப் பலகையில் ஓர் எண் மாறியது. ஆசிரியர் காலியிடம்: ஒன்று. கடைசியாக எப்போது அந்தப் பலகையில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்தது என்று அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து குமாஸ்தாக்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கைப்பேசி அதிர்ந்தது. பர்மிட் ரத்து என்று செய்தி. பாண்டிமீனா அதைப் படித்துவிட்டு, மறுபடியும் பலகையைப் பார்த்தாள். மாநிலம் முழுக்க இருக்கிற ஒரே காலியிடம் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதில் அவளுக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினாள். அப்பா அன்றைக்கு அவளோடு பேசவில்லை. "கெடச்ச கவர்மெண்டு வேலைய வேண்டாம்னுட்டு, இருந்த பொழப்பையும் கெடுத்துக்கிட்டு வந்திருக்கா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். முத்தழகு மூலையில் கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். புது டீச்சர் எப்போ வருவாங்க, ஆம்பளையா பொம்பளையா, ஊருக்குள்ளேயே வீடு பார்ப்பாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாண்டிமீனாவுக்கும் அது தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் அருளப்பன் கூப்பிட்டார்.

"இடம் நிரம்பிடுச்சும்மா."

"நெச ஆளா சார்?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார். நெச ஆளா?"

"ரா. சந்தனமாரி. எம்.எஸ்சி., பி.எட். உங்க ஊர்தான். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பாண்டிமீனா நின்ற அதே வருடம் சந்தனமாரியும் நின்றாள். பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பனையடிக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில், ஒரு மத்தியான வேளையில், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். செத்து ஆறு வருடம் ஆகிறது.

"அவ செத்துப்போயிட்டா சார்" என்றாள் பாண்டிமீனா.

"இறப்பு பதிவாகலையே."

"டாக்டர் கையெழுத்து இல்லாமப் பதிய மாட்டோம்னாங்க. டாக்டர் இருந்திருந்தா அவ ஏன் சார் சாகப்போறா?"

அருளப்பன், "பெத்தவங்க வந்து உறுதிமொழி குடுத்தா இறப்பைப் பதியலாம்மா. அப்ப மறுபடி காலியாகும்" என்றார். "ஆனா அது அடுத்த பேரைத் தேடும். உங்க வகுப்புல இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."

"தேடட்டும். ஒவ்வொருத்தியா கூட்டிக்கிட்டு வாரேன்."

சந்தனமாரியின் அம்மா பேச்சியம்மாள் களத்தில் மிளகாய்ப் பழம் பரப்பிக்கொண்டிருந்தாள். நெடியில் கண் எரிந்தது. பாண்டிமீனா பக்கத்தில் உட்கார்ந்து, தானும் பழத்தை இழுத்துப் பரப்பியபடியே விஷயத்தைச் சொன்னாள். முதலில் தன் கதையைச் சொன்னாள். பிறகு மாரியின் கதையைச் சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பேச்சியம்மாள் கேட்டாள்.

"படிச்சு முடிச்சுட்டாளாமா?"

"ம்."

"எந்த ஊருல?"

"மதுரையில அத்தை."

"ஆஸ்டல்ல இருந்திருப்பா. அவளுக்குக் குளிரு ஆகாது." பேச்சியம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். "போட்டா இருக்கா?"

அருளப்பன் அனுப்பியிருந்த படத்தை பாண்டிமீனா காட்டினாள். பேச்சியம்மாள் கைப்பேசியை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். இருபத்தைந்து வயது மகளை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். காதில் சின்னத் தோடு. கழுத்தில் அடையாள அட்டை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, நீங்க வந்து அவ இறந்துட்டான்னு ஒரு கையெழுத்துப் போடணும்."

"மாட்டேன்த்தா."

"அத்தை..."

"ஒருக்கா கொள்ளி வச்சாச்சு. இன்னொருக்கா நான் வைக்கணுமா? அங்கயாவது இருந்துட்டுப் போகட்டும், விடு."

பாண்டிமீனாவுக்கு அந்த அம்மாவிடம் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வந்துவிட்டது. "அவ வந்து முத்தழகுக்குக் கணக்குச் சொல்லிக்குடுப்பாளா? படத்துல உக்காந்துக்கிட்டு எடத்த அடைச்சுக்கிட்டிருக்கா. உங்க மகளும் நானும் எப்படிக் கெட்டமோ அப்படியே இந்தப் பிள்ளைகளும் கெடட்டுமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேச்சியம்மாள் அழவில்லை. மிளகாய்ப் பழத்தை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, வேறு ஏதோ கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏத்தா பாண்டி. பனையடிக்கோட்ட ஆஸ்பத்திரியில டாக்டரு இருக்காக, இருக்காகன்னு போர்டுல எழுதியிருந்துச்சே. அன்னைக்கு. பச்ச வெளிச்சத்துல. அதப் பாத்துட்டுத்தான் நாங்க அங்க தூக்கிட்டுப் போனோம். இல்லேன்னா நேரா டவுனுக்கே போயிருப்போம்." அவள் தலை நிமிர்ந்தாள். "அந்த டாக்டரும் இப்படித்தானா?"

பாண்டிமீனா இதை நினைத்தே பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தை மட்டும்தான் யோசித்திருந்தாள். ஆனால் அந்த டாக்டர் எங்கே படித்தார்? ஏதோ ஒரு முள்ளியேந்தலில்தானே? அவருக்கு யார் பாடம் நடத்தினார்கள்?

அருளப்பனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். சந்தனமாரி இறந்த தேதியைப் பேச்சியம்மாளே சொன்னாள்.

"அது சுகாதாரத் துறைம்மா. ஆனா நிறைவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இருங்க." தட்டும் சத்தம் கேட்டது. "அன்னைக்கு மருத்துவர் பணியில இருந்ததாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து சாயந்தரம்வரை. ஒரு பிரசவம் பாத்ததாவும் இருக்கு." அவர் குரல் இறங்கியது. "பேரு சந்தனமாரிதான் போட்டிருக்கு. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்னு..."

அவரால் மேலே படிக்க முடியவில்லை. பேச்சியம்மாள் மிளகாய்க் காந்தல் ஏறிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர் பேரு என்ன சார்?" என்று பாண்டிமீனா கேட்டாள்.

"கா. வழிவிட்டான். எம்.பி.பி.எஸ்."

"எந்த வழிவிட்டான்?" பேச்சியம்மாள் கையை எடுத்தாள். "அப்பன் பேரு காசியா? முள்ளியேந்தலா?"

"ஆமாம்மா. உங்க ஊர்தான் போட்டிருக்கு."

வழிவிட்டான் பாண்டிமீனாவைவிட ஐந்தாறு வயது மூத்தவன், ஒன்பதாவதோடு நின்றவன். அவன் காலத்தில் அறிவியலுக்கும் ஆள் கிடையாது. இப்போது கர்நாடகத்தில் போர்வெல் லாரியில் வேலை செய்கிறான். வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு வருவான்.

"அவன்தானே தூக்கிட்டுப் போனான்" என்றாள் பேச்சியம்மாள். குரல் சன்னமாக இருந்தது. "வண்டியில என் மகள நடுவுல வச்சு, நான் பின்னால பிடிச்சுக்கிட்டு. அவன்தானே ஓட்டுனான். ஆஸ்பத்திரி பூட்டிக் கெடந்துச்சு. போர்டு மட்டும் எரியுது. டாக்டரு, டாக்டருன்னு கத்திக்கிட்டே அந்தக் கதவத் தட்டுனான். கையில ரத்தம் வர்ற வரைக்கும் தட்டுனான். உள்ளாற இருந்ததா எழுதியிருக்கிற டாக்டரு அவனா?"

மறுமுனையில் அருளப்பன் இணைப்பிலேயே இருந்தார்.

"சார்" என்றாள் பாண்டிமீனா. "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"எனக்கு வேலை போயிடும்மா."

"எனக்குப் போயிடுச்சு சார்."

"நாளைக்கு வாங்க. எடுத்து வைக்கிறேன்" என்றார்.

பேச்சியம்மாள் எழுந்து நின்று சேலையை உதறினாள். படத்தில் இருந்த மகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கைப்பேசியைப் பாண்டிமீனாவிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுறேன். என் மக செத்துப்போயிட்டான்னு போடுறேன். எங்க வச்சு எப்படிச் செத்தான்னு நான் சொல்லச் சொல்ல அவுக எழுதணும். முதல்ல வழிவிட்டானுக்குப் போனப் போடு."

நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுத்தான். பின்னால் துளைபோடும் இயந்திரம் பெரும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. "யாரு? சின்னத்தாவா? சத்தமாப் பேசு சின்னத்தா, கேக்கல!"

பேச்சியம்மாள் சத்தமாகத்தான் பேசினாள். களத்தில் இருந்த மற்ற பெண்களும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அருகில் வந்தார்கள். பலகையைப் பற்றிச் சொன்னாள். பச்சை வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாள். நிறைவு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை, "அந்த மிசினு" என்றாள். தாயும் சேயும் நலம் என்று எழுதியிருப்பதைச் சொன்னாள். கடைசியில், "அன்னைக்கு உள்ளாற இருந்த டாக்டரு நீதானாம்ப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் யாரிடமோ அவன் கத்துவது கேட்டது. இயந்திரம் நின்றது.

"நான் வாரேன் சின்னத்தா" என்றான். "இப்பவே வண்டியேறுறேன். எந்த ஆபீசுன்னு கேட்டு வைங்க."

"வந்து சாட்சி சொன்னாப் போதும்ப்பா."

"சொல்றேன். ஆனா இந்தத் தடவ கதவத் தட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்."